வைரஸ் ஏறிய பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கலியாணப் படங்களைப் பத்திரமாக எடுக்கலாம், தெரியுமா?

ஆயிரம் வைரஸ் ஏறிய ஹார்ட் டிஸ்க் ஒன்று அலுமாரிக்குள் பத்து வருடம் கிடந்தாலும் யாருக்கும் ஒன்றும் செய்யாது, தெரியுமா? வைரஸ் என்பது எழுதி வைத்த கட்டளை. அதை ஒரு கொம்பியூட்டர் எடுத்து ஓட்டினால்தான் அதற்கு வேலை. இதைவிட ஆச்சரியம் இன்னொன்று: வைரஸ் இருக்கும் கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பிரதி எடுத்தால்கூட அது ஓடாது! இது தெரியாததால் இரத்தினபுரி மாவட்டத்து றக்வானைப் பக்கத் தோட்டங்களில் எத்தனை வீட்டு ஆல்பங்கள் அழிந்திருக்கும் என்று நினைத்தாலே மனம் பதைக்கிறது. "இதுல வைரஸ் இருக்கு, ஃபோர்மட் பண்ணணும்" என்று யாரோ சொல்ல, "சரி தம்பி, பண்ணுங்க" என்று நாமும் தலையாட்ட, கலியாணம், சாமத்தியச் சடங்கு, மாசி மாதத்துக் காமன் கூத்து, தாத்தாவின் கடைசி ஊர்வலம் எல்லாம் ஒரே நிமிடத்தில் போய்விடுகின்றன. போகவே வேண்டியதில்லை! பயப்பட வேண்டியது முக்கியமாக ஓடக்கூடிய கோப்புகளுக்குத்தான். படங்களை எடுத்துவிடலாம்.

அந்தப் படங்கள் நமக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் தெரியுமா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களைக் காகிதம் காட்டச் சொன்னது. காட்ட முடியாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. எஞ்சியவர்களில் பலருக்கு விடிவு வர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது! கப்பலேறிய பெரியப்பாவின் படம், பிறப்புச் சான்றிதழின் ஸ்கேன், பழைய தோட்டத்துச் சீட்டு என்று எது இருந்தாலும் அது நம்முடைய வரலாறு. லயத்தில் கறையான் அரித்தது போக மிச்சம் இருந்ததை யாரோ ஒரு பிள்ளை ஒரு நாள் ஸ்கேன் செய்து பழைய கொம்பியூட்டரில் போட்டு வைத்திருப்பான். அந்தக் கொம்பியூட்டர் இறந்துபோய், அதன் ஹார்ட் டிஸ்க் மட்டும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும். அதைத்தான் இப்போது எடுக்கப் போகிறோம்.

முதலில் அந்த டிஸ்க்கையே பாருங்கள், எவ்வளவு அற்புதமான பொருள்! 1956இல் ஐ.பி.எம். கம்பனி உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டபோது அதில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் 50 இருந்தன. எடை ஒரு தொன்னுக்கு மேல். கொள்ளளவோ 50 இலட்சம் எழுத்துகள்தான்! இன்றைய போனில் எடுக்கும் ஒரு நல்ல படம் அதற்குள் அடங்காமலும் போகலாம். நம் பிஸ்கட் டின்னில் இருக்கும் டிஸ்க்குக்குள் தட்டு நிமிடத்துக்கு 7,200 தடவை, அதாவது ஒரு நொடிக்கு 120 தடவை சுற்றும். விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் பறக்கும். அதற்கு மேலே, தட்டைத் தொடாமல், ஒரு மில்லிமீட்டரை இலட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்களவு உயரத்தில் தலை மிதந்து படிக்கிறது! அந்தத் தலைக்குள் இருக்கும் காந்த வித்தையைக் கண்டுபிடித்ததற்காக அல்பேர் ஃபெர், பீட்டர் குருன்பெர்க் இருவருக்கும் 2007இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசே கிடைத்தது!

இன்னொன்று தெரியுமா? ஹார்ட் டிஸ்க் காற்றுப் புகாத பெட்டி என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை! மேல் மூடியில் ஒரு குட்டித் துளை இருக்கும். பக்கத்திலேயே "இந்தத் துளையை மூடாதே" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். உள்ளே ஒரு வடிகட்டி வழியாக டிஸ்க் வெளிக்காற்றை வாங்குகிறது. ஹீலியம் வாயு அடைத்த புதிய பெரிய டிஸ்க்குகளுக்கு மட்டும் அது கிடையாது. பெருமழை கொட்டும் இரத்தினபுரி மாவட்டத்தில், புலுதோட்டைக் கணவாயிலிருந்து பனி இறங்கும் ஊரில், இது சாதாரண விஷயமில்லை. குளிர்ந்து ஈரம் பிடித்த டிஸ்க்கை எடுத்த உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். வீட்டுக்குள் ஒரு நாள் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் கொடுங்கள். மின்னல் முழங்கும் மாலை நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்குக்கோ இதற்கு நேர்மாறான விதி! 2017 மே மாத வெள்ளம் இரத்தினபுரியை மூழ்கடித்தபோது எத்தனையோ கொம்பியூட்டர்கள் சேற்றில் கிடந்தன. நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைக்கத்தான் கை போகும். காயவைக்கவே கூடாது! உள்ளே போன சேறு காய்ந்து தட்டில் ஒட்டினால் அதை எடுப்பது மிகக் கடினம். ஈரம் காயாமல் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, மின்சாரமே கொடுக்காமல், தரவு மீட்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். "டிக்... டிக்..." என்று சத்தம் போடும் டிஸ்க்கும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை ஓட்டிப் பார்க்கும்போதும் தலை தட்டைச் சுரண்டக்கூடும்.

சரி, டிஸ்க் நன்றாகச் சுற்றுகிறது. இனி வைரஸ் கதை!

ஐ.பி.எம். பீசீகளைத் தொற்றிய உலகின் முதல் வைரஸ் நம் பக்கத்து வீட்டில்தான் பிறந்தது, தெரியுமா? 1986 ஜனவரி, பாகிஸ்தானின் லாகூர். பாசித் ஃபாரூக் அல்வி, அம்ஜத் ஃபாரூக் அல்வி என்ற சகோதரர்கள், தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைக் களவாகப் பிரதி எடுப்பவர்களைப் பிடிக்க எழுதியது அது. பெயர் 'பிரெய்ன்'. அதற்குள் தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் போட்டிருந்தார்கள்! அது பற்றிக்கொண்ட இடம் பிளொப்பியின் முதல் பகுதி. கொம்பியூட்டரைத் தொடக்கும்போது முதலில் படிக்கப்படும் இடம். நாற்பது வருடம் கழிந்தும் அதிலிருந்து நமக்கு ஒரு பாடம்: பழைய டிஸ்க்கை மாட்டியபடியே கொம்பியூட்டரைத் தொடக்கக் கூடாது. கொம்பியூட்டர் முழுதாக எழுந்து நின்றபின்தான் டிஸ்க்கை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய டிஸ்க்கிலிருந்தே தொடங்கிவிடலாம்!

திறந்தால்தான் ஓடும் என்று நம்பி, விண்டோஸ் லெப்டொப்பில் டிஸ்க்கை மாட்டி "சும்மா பார்க்கலாம்" என்று நினைத்தீர்களா? நில்லுங்கள்! 2010 ஜூனில் பெலாரூஸ் நாட்டின் ஒரு சிறு வைரஸ் எதிர்ப்புக் கம்பனி கண்டுபிடித்த 'ஸ்டக்ஸ்நெட்' உலகையே உலுக்கியது. ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தைக் குறிவைத்த அது பென் டிரைவில்தான் பயணம் செய்தது. எதையும் திறக்கவே வேண்டாம். ஃபோல்டருக்குள் இருக்கும் குறுக்குவழியின் சின்னப் படத்தை விண்டோஸ் திரையில் வரைந்தாலே போதும், அது ஓடிவிடும்! மைக்ரோசொப்ட் 2010 ஓகஸ்டில் அந்த ஓட்டையை அடைத்தது. அடைப்பு சரியாகவில்லை என்று 2015 மார்ச்சில் மறுபடி அடைத்தது. 2017இல் அதே வகை ஓட்டை இன்னொன்று வந்தது! பிரதி எடுப்பதால் வைரஸ் ஓடாது என்பது உண்மை. ஆனால் பழைய விண்டோஸில் பார்ப்பதே ஆபத்தாக இருந்திருக்கிறது என்பதும் உண்மை. அதற்கு முன் 2008 நவம்பரில் கிளம்பிய 'கொன்ஃபிக்கர்', பென் டிரைவை மாட்டியதும் எழும் பெட்டியில் "ஃபோல்டரைத் திற" என்பதுபோல் தன்னைக் காட்டி ஏமாற்றியது. 2011 பெப்ரவரியில்தான் மைக்ரோசொப்ட் பழைய எக்ஸ்.பி., விஸ்டா கொம்பியூட்டர்களிலும் பென் டிரைவின் தானோட்டத்தை நிறுத்தியது. நம் பிஸ்கட் டின் டிஸ்க்குகள் பெரும்பாலும் இந்த எக்ஸ்.பி. காலத்தவைதாம்.

அப்படியானால் எதில் மாட்டுவது? விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில்! விண்டோஸுக்காக எழுதிய வைரஸ் லினக்ஸில் தானாக ஓடாது. அதற்குப் புதுக் கொம்பியூட்டர் வாங்க வேண்டியதில்லை, இருக்கும் விண்டோஸை அழிக்க வேண்டியதுமில்லை. 'உபுண்டு' என்ற லினக்ஸ் வகையை இலவசமாக இறக்கி ஒரு 8 ஜீ.பீ. பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கொம்பியூட்டரைத் தொடக்கி, "நிறுவாமல் முயன்று பார்" என்ற தெரிவை எடுத்தால் போதும். பென் டிரைவைக் கழற்றி மறுபடி தொடக்கினால் உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும். சாதாரண தரத்துக்கு ஐ.சி.டி. படிக்கும் பிள்ளை இதை ஒரு மாலையில் செய்துவிடும். வேலை முடியும்வரை வைஃபையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கை மாட்ட யூ.எஸ்.பி. அடப்டர் ஒன்று வேண்டும். 40 ஊசி கொண்ட அகலப் பட்டி வயர் வகையா, ஒல்லியான சாட்டா வகையா என்று பார்த்து வாங்குங்கள். மேசைக் கொம்பியூட்டரின் பெரிய டிஸ்க் என்றால் தனி மின்சார வயரும் வேண்டும்.

இப்போது வருகிறது எனக்கு மிகப் பிடித்த அற்புதம். "படமெல்லாம் காணாமல் போச்சு, ஃபோல்டரெல்லாம் குறுக்குவழியா மாறிடுச்சு" என்று கண்ணீர் விட்டவர்கள் எத்தனை பேர்! அந்தப் படங்கள் எங்கும் போகவில்லை, தெரியுமா? வைரஸ் உண்மையான ஃபோல்டருக்கு "மறைந்திரு" என்ற ஒரு குறியைப் போட்டுவிட்டு, அதே பெயரில் தன் குறுக்குவழியை வைத்துவிடுகிறது. விண்டோஸ் அந்தக் குறிக்குக் கட்டுப்பட்டு ஃபோல்டரைக் காட்டாது. அதே டிஸ்க்கை உபுண்டுவில் மாட்டுங்கள். அந்தக் குறியை அது பொருட்படுத்தாமல் எல்லா ஃபோல்டரையும் வரிசையாகக் காட்டிவிடும்! டிஸ்க் காலியாகத் தெரிந்தும் "60 ஜீ.பீ. பயன்பாட்டில்" என்று கணக்குக் காட்டினால், அந்த 60 ஜீ.பீ.யும் உள்ளேதான் இருக்கிறது. தயவுசெய்து ஃபோர்மட் பொத்தானைத் தொடாதீர்கள்! இந்த ஒளித்து வைக்கும் தந்திரம் மிகப் பழையதும்கூட. 1989இல் ஜோசப் பொப் என்ற உயிரியலாளர் ஏறக்குறைய 20,000 பிளொப்பிகளைத் தபாலில் அனுப்பினார். எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி வந்த அது, கொம்பியூட்டரை 90 தடவை தொடக்கியதும் கோப்புப் பெயர்களை மறைத்து, பனாமாவிலுள்ள ஒரு தபால் பெட்டிக்கு 189 டொலர் அனுப்பு என்றது! உலகின் முதல் கப்ப வைரஸ் அதுதான்.

படங்களைக் கண்டதும் ஒவ்வொன்றாக இழுத்துப் போடத் தோன்றும். அதற்கு முன் டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாகப் பிம்பம் எடுத்துவிடுங்கள். உபுண்டுவிலேயே இருக்கும் 'டிஸ்க்ஸ்' செயலியில் அதற்கொரு தெரிவு உண்டு. அந்தப் பிம்பத்தை மறுபடி திறக்கும்போது அது "படிக்க மட்டும்" என்ற நிலையில்தான் இயல்பாகத் திறக்கும். தவறுதலாகக்கூட எதையும் அழிக்க முடியாது! பழைய டிஸ்க் இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் அதை ஒரே தடவை மட்டும் முழுதாகப் படித்துவிட்டு ஓய்வு கொடுப்பதுதான் நல்லது. தட்டில் கெட்ட இடங்கள் இருந்தால் 'டிடி ரெஸ்கியூ' இருக்கிறது. நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்! வைரஸ் எதிர்ப்பு மென்பொருளையும் மூல டிஸ்க்கில் விடாதீர்கள், பிரதியில் மட்டும் விடுங்கள். "சுத்தம் செய்கிறேன்" என்று அது அழித்த கோப்பு மூலத்தில் அழிந்தால் அழிந்ததுதான்.

ஃபோர்மட் ஏற்கெனவே செய்துவிட்டார்களா? அப்போதும் மனம் தளர வேண்டாம்! வேகமான ஃபோர்மட் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலைத்தான் அழிக்கிறது. 'ஃபோட்டோரெக்' என்ற இலவசக் கருவி, பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் குரெனியே எழுதியது, பெயர்ப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. டிஸ்க் முழுவதும் நடந்து, ஒவ்வொரு படமும் தொடங்கும் அடையாளத்தைத் தேடிப் பிடித்து எடுக்கிறது! பெயர்கள் போய்விடும், வரிசை குலைந்துவிடும். முகங்கள் வந்துவிடும். ஆனால் ஃபோர்மட் செய்தபின் அதே டிஸ்க்கில் புதுப் படங்களை ஏற்றியிருந்தால், அவை உட்கார்ந்த இடத்தில் இருந்தவை போனவைதாம். அதனால் இனி அதில் எதையும் எழுதாதீர்கள்.

தொடங்கும் அடையாளமா? ஆமாம், ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் நெற்றியில் ஒரு முத்திரை இருக்கிறது, தெரியுமா? ஜே.பி.ஜி. படம் ஒவ்வொன்றும் ஒரே இரண்டு பைட்டுகளில் தொடங்கி, வேறிரண்டு பைட்டுகளில் முடிகிறது. விண்டோஸில் ஓடக்கூடிய ஈ.எக்ஸ்.ஈ. நிரல் ஒவ்வொன்றும் 'எம்', 'இசட்' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். அவை மைக்ரோசொப்டில் வேலை செய்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்ற பொறியியலாளரின் பெயர் முதலெழுத்துகள்! ஸிப் கோப்பு 'பி', 'கே' என்று தொடங்குவது அதை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரால். உலகத்து விண்டோஸ் கொம்பியூட்டர்கள் அத்தனையிலும் ஒவ்வொரு நிரலின் தலையிலும் ஒரு மனிதனின் பெயர் உட்கார்ந்திருக்கிறது!

இந்த முத்திரை தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். றக்வானையில் மாணிக்கக் குழிக்காரர்கள் 'இல்லம்' என்ற மாணிக்கச் சரளையைக் கூடையில் கழுவிச் சுழற்றி, மண்ணைப் போகவிட்டுக் கல்லை மட்டும் பொறுக்குவது போலத்தான் இங்கேயும் செய்ய வேண்டும். முழு டிஸ்க்கையும் அப்படியே புதிய கொம்பியூட்டரில் கொட்டக் கூடாது. ஜே.பி.ஜி. படங்கள், எம்.பி.4 போன்ற வீடியோக்கள், எம்.பி.3 பாட்டுகள், ஸ்கேன்கள், எழுதிய ஆவணங்கள் ஆகியவற்றை மட்டும் எடுங்கள். ஈ.எக்ஸ்.ஈ., எஸ்.சி.ஆர்., பி.ஏ.டி., வி.பி.எஸ்., ஜே.எஸ்., எல்.என்.கே. என்று முடிவதையெல்லாம் விட்டுவிடுங்கள். பழைய விளையாட்டு, பழைய போட்டோஷொப், பழைய பிரின்டர் மென்பொருள் எதுவுமே வேண்டாம். அவற்றைப் புதிதாகவே வாங்கிக்கொள்ளலாம், இறக்கிக்கொள்ளலாம். பழைய காலத்து வைரஸ்களில் 'சாலிட்டி' போன்றவை டிஸ்க்கிலிருக்கும் ஒவ்வொரு நிரலுக்குள்ளும் தங்களைச் செருகிக்கொள்ளும் வகை!

ஆனால் முடிவெழுத்தைப் பார்த்து நம்பலாமா? 2000 மே 4ஆம் தேதி பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸை நினைத்துப் பாருங்கள். அது காதல் கடிதம் என்ற பெயரில், "டொட் டி.எக்ஸ்.டி. டொட் வி.பி.எஸ்." என்று இரட்டை வாலோடு வந்தது. விண்டோஸ் கடைசி வாலை இயல்பாகவே மறைத்துவிடும், அதனால் எல்லாருக்கும் வெறும் எழுத்துக் கோப்பாகத் தெரிந்தது. உலகமே விழுந்தது! எழுதிய இளைஞரைத் தண்டிக்க அன்று பிலிப்பைன்ஸில் சட்டமே இருக்கவில்லை. இலங்கையில் கணினிக் குற்றச் சட்டம் வந்தது 2007இல். அந்த வாலை மறைக்கும் பழக்கம் விண்டோஸ் 11இலும் இன்றும் தொடர்கிறது! ஃபோல்டர் பார்வைத் தெரிவுகளுக்குள் போய் அதை முதலில் நிறுத்துங்கள். நிறுத்தினாலும் ஏமாற்றக்கூடிய ஒரு வித்தை இருக்கிறது. அரபு, ஹீப்ரு போன்று வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக யூனிகோடில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி வைத்திருக்கிறார்கள். அதைக் கோப்புப் பெயரின் நடுவில் செருகினால் அதன்பின் வரும் எழுத்துகள் தலைகீழாகத் தோன்றும். நிரல் ஒன்று "டொட் ஜே.பி.ஜி." என்று முடிவதாகக் கண்ணுக்குத் தெரியும்! சின்னப் படமும் நிரல் தானே வைத்துக்கொள்வதுதான். மஞ்சள் ஃபோல்டர் படத்தை மாட்டிக்கொண்டு வந்த "நியூ ஃபோல்டர் டொட் ஈ.எக்ஸ்.ஈ."யை 2000களில் பென் டிரைவ் வைத்திருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கண் ஏமாறலாம், முத்திரை ஏமாற்றாது. லினக்ஸில் 'ஃபைல்' என்ற ஒரு சிறு கட்டளை கோப்பின் பெயரைப் பார்க்காமல் அதன் முத்திரையைப் படித்து, இது உண்மையில் படமா, நிரலா என்று சொல்லிவிடும்!

படத்துக்குள்ளேயே வைரஸ் இருக்க முடியுமா என்று கேட்டால், மிக மிக அரிதாக முடியும். 2004 செப்டம்பரில் விண்டோஸ் ஜே.பி.ஜி. படத்தைத் திறக்கும் விதத்திலேயே ஓட்டை இருப்பது வெளியானது. 2015இல் அண்ட்ராய்டு போன்களில் வீடியோவைக் கையாளும் பகுதியில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' ஓட்டை. 2023 செப்டம்பரில் வெப்.பி. படங்களில் இன்னொன்று. ஓட்டை இருந்தது படத்தைக் காட்டும் மென்பொருளில். அது புதுப்பிக்கப்பட்டதாக இருந்தால் பழைய பொறி வேலை செய்யாது. நம் அம்மாவின் கலியாணப் படத்துக்கு எந்த உளவு நிறுவனமும் பொறி வைக்கவில்லை. தைரியமாக எடுங்கள்!

ஆவணங்களில்தான் கவனம் வேண்டும். வேர்ட் கோப்பில் ஓடும் மாக்ரோ வைரஸ்கள் 1995இலேயே பரவத் தொடங்கின. 1999 மார்ச்சில் 'மெலிஸா' உலகத்து மின்னஞ்சல்களையே திணறடித்தது. இணையத்திலிருந்து வந்த கோப்பு என்றால் இன்றைய ஒஃபிஸ் மாக்ரோவைத் தானே தடுக்கிறது. பழைய டிஸ்க்கிலிருந்து வந்த கோப்பிலோ பெரும்பாலும் அந்த இணைய அடையாளமே இருக்காது, அதனால் அந்தத் தடை வராமல் போகலாம்! சிறந்த வழி, உபுண்டுவில் இருக்கும்போதே லிப்ரே ஒஃபிஸில் திறந்து பி.டி.எஃப். ஆக மாற்றிக்கொள்வது. எழுத்து வரும், மாக்ரோ வராது.

இங்கேதான் தமிழருக்கு மட்டும் வரும் ஒரு திகில்! ஆவணத்தைத் திறந்தால் தமிழைக் காணோம், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து என்னவோ தெரிகிறது. "வைரஸ் தின்றுவிட்டது" என்று அழித்துவிடாதீர்கள்! அது பெரும்பாலும் பாமினி எழுத்துரு. யூனிகோட் பரவுவதற்கு முன் இலங்கையில் பாடசாலை வினாத்தாளிலிருந்து கோயில் திருவிழா நோட்டீஸ் வரை எத்தனையோ அதில்தான் அச்சாகின. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார்த்தி வைத்த எழுத்துரு அது. எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் அடியில் கிடக்கும் ஆங்கிலம் தெரிகிறது, அவ்வளவுதான். யூனிகோட் மாற்றியில் போட்டால் ஒரு நொடியில் தமிழ் திரும்பி வரும்! பழைய டிஸ்க்கிலிருந்தே அந்த எழுத்துருக் கோப்பை எடுக்கலாமே என்றால், வேண்டாம். எழுத்துரு வழியாகவும் வைரஸ் வந்திருக்கிறது, தெரியுமா? 2011இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் ஆய்வுகூடம் ஒன்று கண்டுபிடித்த 'டூக்கு', வேர்ட் ஆவணத்துக்குள் பதுக்கிய எழுத்துருவின் மூலம் விண்டோஸின் ஆழத்துக்கே இறங்கியது! எழுத்துருவை நல்ல இடத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

எடுத்தவற்றைப் புதுக் கொம்பியூட்டருக்குக் கொண்டு போகுமுன் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். உங்கள் வைரஸ் எதிர்ப்பு விழித்திருக்கிறதா என்று பார்க்கவே ஒரு பாதிப்பில்லாத கோப்பை உலகம் முழுவதும் ஒப்புக்கொண்டு வைத்திருக்கிறார்கள், தெரியுமா? பெயர் 'எய்கார்', மொத்தமே 68 எழுத்துகள்! ஸ்பெயினின் மலகாவில் 2004இல் தொடங்கி 2012இல் கூகுள் வாங்கிய 'வைரஸ்டோட்டல்' தளம் ஒரு கோப்பைப் பல பத்து எதிர்ப்பு மென்பொருள்களிடம் ஒரே தடவையில் காட்டும். ஆனால் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எதையும் அங்கே ஏற்றாதீர்கள். அங்கே ஏற்றும் கோப்பை அந்தத் தளத்தின் சந்தாதாரர்களும் எடுத்துப் பார்க்க முடியும்! கோப்பை ஏற்றாமலே கேட்க வழி இருக்கிறது. 'ஷா-256' என்ற கணக்கு எவ்வளவு பெரிய கோப்பையும் 64 எழுத்து கொண்ட ஒரு கைரேகையாகச் சுருக்கிவிடும். நான்கு ஜீ.பீ. வீடியோவில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை முழுதாக மாறிவிடும்! அந்த 64 எழுத்தை மட்டும் வைரஸ்டோட்டலில் தேடிப் பாருங்கள். பிரதி சரியாக வந்ததா என்று பார்க்கவும் அதே கைரேகைதான்.

இவ்வளவும் செய்துவிட்டு ஒரே இடத்தில் வைத்தால்? 2023 ஓகஸ்ட் 26ஆம் தேதி நம் நாட்டு அரசாங்கத்துக்கே நடந்ததைக் கேளுங்கள். 'லங்கா அரசாங்க முகில்' என்ற அரசின் இணையச் சேமிப்பில் கப்ப வைரஸ் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசாங்க மின்னஞ்சல் கணக்குகள் ஏறக்குறைய 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான தரவுகள் போயே போய்விட்டன! அந்தக் காலப்பகுதிக்குத் தனியே கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டில் இருந்தது 2013ஆம் ஆண்டு மின்னஞ்சல் மென்பொருள். இதற்கு எதிர்ப்புறத்தில், 1998இல் 'டோய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ தட்டிய ஒரு கட்டளையில் அதன் கோப்புகள் அழியத் தொடங்கின. நிறுவனத்தின் சேமிப்பும் வேலை செய்யவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சஸ்மன் என்ற பெண்ணின் வீட்டுக் கொம்பியூட்டரில் இருந்த பிரதியிலிருந்துதான் அதை மீட்டார்கள்! பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய விதி எளிது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். நமக்கு அது கஷ்டமே இல்லை. ஒன்று தோட்டத்து வீட்டில், ஒன்று கொழும்பில் வேலை செய்யும் மகனிடம், ஒன்று கூகுள் டிரைவில்!

கடைசியில் அந்தப் பழைய டிஸ்க். படங்கள் எல்லாம் திறக்கின்றனவா என்று குடும்பமாக உட்கார்ந்து பார்த்து முடிக்கும்வரை அதைத் தொடவே வேண்டாம். பிறகு பழைய இரும்புக்காரரிடம் அப்படியே கொடுத்துவிடவும் வேண்டாம். படங்களை உங்களுக்கு மீட்டுக் கொடுத்த ஃபோட்டோரெக், அடையாள அட்டை ஸ்கேனை இன்னொருவருக்கும் மீட்டுக் கொடுக்கும்! டிஸ்க் முழுவதையும் பூச்சியத்தால் மேலெழுத வேண்டும். 35 தடவை எழுத வேண்டும் என்று இன்றும் சிலர் சொல்வார்கள். நியூசிலாந்தின் ஒக்லண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கட்மன் 1996இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண்ணிக்கை அது. அன்றைய பல வகை டிஸ்க்குகள் அனைத்துக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. இன்றைய டிஸ்க்குகளுக்கு அது தேவையில்லை என்று பிறகு அவரே சொல்லிவிட்டார்! உபுண்டுவின் அதே 'டிஸ்க்ஸ்' செயலியில் "பூச்சியத்தால் மேலெழுது" என்ற தெரிவோடு ஒரே ஒரு தடவை ஃபோர்மட் செய்தால் போதும். ஓர் இரவு ஓடும். காலையில் படங்களோடு வைரஸும் போயிருக்கும், டிஸ்க்கும் நன்றாகச் சுற்றினால் கூடுதலாக இன்னொரு பிரதியை அதிலேயே போட்டு வைக்கலாம்.